சிறு நிறுவனத்துக்குத் திறந்தமூல ஈஆர்பி: எதை வைத்துத் தேர்வு செய்வது?

உங்கள் நிறுவனத்தில் ஏறத்தாழ பதினைந்து பேர் வேலை செய்கிறார்கள். பொருள்களை வாங்கி, சிலவற்றை அப்படியேயும் சிலவற்றைப் பாகங்களாகச் சேர்த்து உருவாக்கியும் விற்கிறீர்கள். கணக்கு ஒரு மென்பொருளிலும், கையிருப்பு எக்செல் கோப்பிலும், வாடிக்கையாளர் விவரங்கள் அவரவர் மின்னஞ்சலிலும் இருக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர, ஈஆர்பி எனப்படும் ஒருங்கிணைந்த நிறுவன மேலாண்மை மென்பொருள்களில் ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட், டோலிபார் ஆகிய மூன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லி, இவற்றில் எது சிறந்தது என்றும், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் திறந்தமூலம் என்பதால் செலவே ஆகாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

செலவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செலவு ஆகும். உரிமக் கட்டணம் மட்டும்தான் இல்லாமல் போகிறது. சர்வர் வாடகை, பழைய தரவைச் சுத்தம் செய்து மாற்றும் உழைப்பு, ஊழியர்களுக்கான பயிற்சி, பதிப்பு மாற்றம், ஆண்டு முழுவதும் அதைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரின் நேரம் ஆகிய அனைத்தும் அப்படியே இருக்கும். பதினைந்து பேர் கொண்ட ஒரு நிறுவனத்தில் இவற்றுள் மிகப் பெரிய செலவு, உங்கள் கணக்காளரும் கிடங்குப் பொறுப்பாளரும் தங்கள் அன்றாட வேலையை விட்டுவிட்டு இதற்காக ஒதுக்கவேண்டிய நேரம். அது எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறாது என்பதால், திட்டமிடும்போது பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

எது சிறந்தது என்ற கேள்விக்கு, வசதிகளை அட்டவணையிட்டு ஒப்பிடுவதன் மூலம் விடை கிடைக்காது என்பதே என் உறுதியான கருத்து. விற்பனை, கொள்முதல், இருப்பு, கணக்கு என்ற நான்கு தலைப்புகளும் எல்லா மென்பொருளிலும் இருக்கும். அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் 'உண்டு' என்றே நிரம்பிவிடும். வேறுபாடு தெரிவது, உங்கள் நிறுவனத்தில் உண்மையாக நடந்த ஓர் ஆர்டரை, அதில் நேர்ந்த தாமதம், திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு, பாதிப் பணம் ஆகியவற்றோடு சேர்த்து அந்த மென்பொருளில் முதலிலிருந்து முடிவு வரை ஓட்டிப் பார்க்கும்போதுதான். அதை எப்படிச் செய்வது என்பதைக் கீழே விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்பு உரிமத்தைப் பற்றியும் மென்பொருள்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்லவேண்டும்.

திறந்தமூலம் உங்களுக்குத் தரும் உண்மையான நன்மை, விலையைவிடப் பாதுகாப்பைச் சேர்ந்தது. உருவாக்கிய நிறுவனம் மூடிவிட்டாலும், கொள்கையை மாற்றிக்கொண்டாலும், நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் நிரலும் தரவும் உங்களிடமே இருக்கும். வேறு யாரேனும் அதை எடுத்துத் தொடர முடியும். இந்தத் துறையில் இது பலமுறை நடந்திருக்கிறது. கம்பியர் என்ற ஜாவா ஈஆர்பி மென்பொருளின் போக்கில் மனநிறைவு அடையாதவர்கள் 2006-இல் அதிலிருந்து பிரிந்து அடெம்பியரைத் தொடங்கினார்கள். இன்றைய ஐடெம்பியர் அந்த வழியில் வந்தது. அதே 2006-இல் கணக்கு மென்பொருளான எஸ்க்யூஎல்-லெட்ஜரிலிருந்து லெட்ஜர்எஸ்எம்பி பிரிந்தது. இன்று ஓடூ என அழைக்கப்படுவது 2005-இல் டைனிஈஆர்பி என்ற பெயரில் பெல்ஜியத்தில் தொடங்கியது. அதிலிருந்து 2008-இல் டிரைட்டன் பிரிந்து தனித் திட்டமானது. வாடிக்கையாளர் உறவு மென்பொருளான ஷுகர்சிஆர்எம் தன் சமூகப் பதிப்பைக் கைவிட்ட காலத்தில், அந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு 2013-இல் சூட்சிஆர்எம் உருவானது. ஷுகரின் சமூகப் பதிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்த நிறுவனங்களுக்குப் போக ஓர் இடம் இருந்தது என்றால், அதற்கு அந்த உரிமம்தான் காரணம்.

ஆகவே உரிமத்தை வாசித்துப் பாருங்கள். மாற்றிய நிரலையும் அதே உரிமத்தில் திறந்தே வழங்கச் சொல்லும் ஜிபிஎல் வகை உரிமங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. உங்கள் நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதற்காக நிரலில் எவ்வளவு மாற்றம் செய்தாலும், அந்த மாற்றங்களை வெளியிட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மாற்றிய மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் அந்தக் கடமை எழுகிறது. ஏஜிபிஎல் உரிமத்தில் மட்டும், மாற்றிய மென்பொருளை வலைப்பின்னல் வழியாக வெளியாட்கள் பயன்படுத்தினாலும் அவர்களுக்கு மூலநிரல் கிடைக்கச் செய்யவேண்டும் என்ற கூடுதல் நிபந்தனை உண்டு. மூலநிரலைப் பார்க்க அனுமதித்துவிட்டு, வணிகப் பயன்பாட்டுக்கோ பயனர் எண்ணிக்கைக்கோ வரம்பு விதிக்கும் உரிமங்களும் இப்போது பெருகியுள்ளன. அவை திறந்தமூல முன்னெடுப்பு என்ற ஓஎஸ்ஐ அமைப்பு வகுத்துள்ள வரையறைக்குள் வரமாட்டா. முகப்புப் பக்கத்தில் 'திறந்த' என்ற சொல் இருப்பதை வைத்து முடிவு செய்யாமல், நிரல் களஞ்சியத்தில் உள்ள உரிமக் கோப்பைத் திறந்து பார்ப்பது நல்லது.

அதைவிட முக்கியமானது, ஒரே பெயரில் இரண்டு பதிப்புகள் இருக்கின்றனவா என்பது. ஓடூவில் இருக்கின்றன. அதன் சமூகப் பதிப்பு, ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. என்டர்பிரைஸ் பதிப்பு கட்டண உரிமத்தில், திறந்தமூலமாக இல்லாமல் கிடைக்கிறது. செயல்விளக்கக் காணொளிகளில் நீங்கள் பார்த்து வியந்தது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். சமூகப் பதிப்பில் இன்வாய்ஸ் போடலாம், பணம் வந்ததைப் பதியலாம்; ஆனால் லாப நட்டக் கணக்கு, ஐந்தொகை போன்ற முழுமையான நிதி அறிக்கைகளும், வங்கி அறிக்கையோடு ஒத்துப்பார்க்கும் வசதியான திரையும், பார்கோடு வழியாகக் கிடங்கு வேலை செய்யும் செயலியும் கட்டணப் பதிப்பைச் சேர்ந்தவை. ஓசிஏ எனப்படும் ஓடூ சமூகக் கூட்டமைப்பின் கூடுதல் தொகுதிகளை (மாட்யூல்களை) கொண்டு இந்த இடைவெளியில் பெரும்பகுதியை நிரப்பலாம். பலர் அப்படித்தான் பல ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தத் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து, பதிப்புக்குப் பதிப்பு பொருத்திக்கொள்ளத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் சமூகப் பதிப்பில் தொடங்கும் நிறுவனம், முதல் நிதியாண்டு முடியும் தறுவாயில் கட்டணப் பதிப்புக்கு மாறவேண்டிய நெருக்கடிக்கு ஆளாவது இயல்பு. கட்டணப் பதிப்பை வாங்குவதில் தவறில்லை. அதைத் தொடக்கத்திலேயே கணக்கிட்டு, தெரிந்தே வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்வது.

ஈஆர்பிநெக்ஸ்டில் இந்தப் பிரிவு இல்லை. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் முழு மென்பொருளும் கிடைக்கிறது. அதை உருவாக்கும் ஃப்ராப்பே நிறுவனம் சர்வர் வாடகையிலும் ஆதரவுச் சேவையிலும் வருவாய் ஈட்டுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கும், நிதி அறிக்கைகளும், உற்பத்திப் பகுதியும் உள்ளேயே இருக்கின்றன. சம்பளம், விடுப்பு முதலிய மனிதவளப் பகுதி மட்டும் பதிப்பு 14 முதல் தனிச் செயலியாகப் பிரிக்கப்பட்டது, அதுவும் திறந்தமூலமே. இதன் குறை, நிறுவும் வேலை எளிதாக இல்லாதது. பைத்தான் நிரல்மொழி, மரியாடிபி தரவுத்தளம், ரெடிஸ் என்ற தற்காலிகத் தரவுச் சேமிப்பு, பின்னணி வேலைகளை நடத்தும் செயல்முறைகள் எனப் பல பாகங்கள் ஒன்றுசேர்ந்து ஓடவேண்டும். லினக்ஸ் சர்வரைப் பராமரித்துப் பழகாதவர் இதைத் தானே ஏற்று நடத்த முற்படக்கூடாது.

டோலிபார் 2002 முதல் வளர்ந்துவரும், பிஎச்பி நிரல்மொழியில் எழுதப்பட்ட மென்பொருள். ஷேர்டு ஹோஸ்டிங் எனப்படும் சாதாரணப் பகிர்வு வலையிடத்திலும் ஓடும், வேண்டிய பகுதியை மட்டும் இயக்கிக்கொள்ளலாம், கற்றுக்கொள்ள எளிது. மதிப்பீடு, ஆர்டர், இன்வாய்ஸ், வசூல், எளிய இருப்பு என்ற அளவில் இயங்கும் நிறுவனத்துக்கு இது போதும், பல நேரங்களில் நிறைவாகவே போதும். ஆனால் அதில் இன்வாய்ஸ்களைக் கணக்குத் தலைப்புகளோடு இணைத்துப் பேரேட்டுக்கு மாற்றுவது தனியொரு படியாக இருக்கிறது. இருப்பின் மதிப்பும் சராசரி விலையில்தான் கணக்கிடப்படுகிறது. சேவை நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே அன்று. பாகங்களைச் சேர்த்துப் பொருள் செய்து விற்கும் உங்களுக்கு இது பொருட்டாகலாம்.

நீங்கள் குறிப்பிடாத மூன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். டிரைட்டன் கணக்கியல் ஒழுங்கில் கண்டிப்பானது, நிரலமைப்பில் தூய்மையானது; ஆறு மாதங்களுக்கு ஒரு பதிப்பு வெளியாகிறது, அவற்றில் 6.0, 7.0 போன்ற பூச்சியப் பதிப்புகளுக்கு ஐந்தாண்டு ஆதரவு உண்டு. நிரலாளர் ஒருவர் நிறுவனத்திலேயே இருந்தால் இதை அவசியம் பாருங்கள். இல்லையென்றால் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது. ஐடெம்பியரும் அப்பாச்சி ஓஎஃப்பிஸும் ஆற்றல் மிக்கவை, ஆனால் உங்கள் அளவுக்கு அவை மிகை. ஓஎஃப்பிஸ் உண்மையில் தயார் நிலையில் உள்ள மென்பொருள் என்பதைவிட, மென்பொருள் கட்டுவதற்கான அடித்தளம்.

இனி அந்த ஆர்டர் சோதனைக்கு வருகிறேன். கடந்த ஆண்டு நடந்தவற்றில் சற்றுச் சிக்கலான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்த ஆர்டரை எடுத்தால் எந்த மென்பொருளும் தேறிவிடும். உங்களிடம் அப்படி ஒன்று உடனே கைவசம் இல்லையென்றால், நான் பரிந்துரைக்கும் எண்களைக் கொண்டு தொடங்கலாம்.

ஒரு பொருளை முதலில் 40 எண்ணிக்கை, ஒன்று 100 என்ற விலையிலும், பிறகு 60 எண்ணிக்கை, ஒன்று 120 என்ற விலையிலும் வாங்கியதாகப் பதியுங்கள். மொத்த இருப்பு 100, மதிப்பு 11,200. அதிலிருந்து 50 விற்றதாகப் பதியுங்கள். சராசரி விலை முறையில் ஒன்றின் அடக்கம், அதாவது அடக்க விலை, 112; விற்றவற்றின் அடக்கம் 5,600, மீதி இருப்பின் மதிப்பும் 5,600. முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையில் விற்றவற்றின் அடக்கம் 5,200, மீதியின் மதிப்பு 6,000. ஒரே வியாபாரத்தில் லாபம் 400 மாறுகிறது. உங்கள் கணக்காளர் இதுவரை எந்த முறையைக் கடைப்பிடித்தார் என்று கேட்டு, மென்பொருள் அதே எண்ணைத் தருகிறதா என்று பாருங்கள். அதோடு நின்றுவிடாமல், இருப்பு அறிக்கையில் வரும் மதிப்பும், பேரேட்டில் சரக்கிருப்புக் கணக்கில் நிற்கும் தொகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்றும் ஒப்பிடுங்கள். இந்த இரண்டும் பிரிந்து போனால், ஆண்டிறுதியில் அவற்றைச் சேர்த்துவைப்பதற்குள் கணக்காளர் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

அடுத்து அந்த 50-ஐ இரண்டு தவணையாக அனுப்புங்கள்: இன்று 30, அடுத்த வாரம் 20. முதல் தவணைக்கு மட்டும் இன்வாய்ஸ் போட முடிகிறதா, மீதி 20 இன்னும் அனுப்பவேண்டியது என்று ஆர்டரில் தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டும் அனுப்பிய பிறகு வாடிக்கையாளர் 5 எண்ணிக்கையைப் பழுதென்று திருப்பி அனுப்புகிறார். அதற்குக் கிரெடிட் நோட் போடுங்கள். சராசரி முறையில் இருப்பு 55 ஆகவும், மதிப்பு 6,160 ஆகவும் உயரவேண்டும். சில அமைப்புகளில் கிரெடிட் நோட் போட்டால் பணக் கணக்கு மட்டும் குறையும், சரக்கு உள்ளே வராது. அதற்குத் தனியாக ஒரு வரவுச் சீட்டு வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் பரவாயில்லை, ஆனால் எது நடக்கிறது என்பது உங்கள் கிடங்குக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு, இரண்டு கொள்முதலுக்கும் சேர்த்து 500 என்று ஒரு போக்குவரத்து பில் பிந்தி வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். அதை எண்ணிக்கை அடிப்படையில் பிரித்தால், கையிலுள்ள 55-க்கு 275 இருப்பின் மதிப்போடும், விற்றுப்போன 45-க்கு 225 விற்பனை அடக்கத்தோடும் சேரவேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறதா, கைப்பதிவு கேட்கிறதா, அல்லது முழு 500-ஐயும் செலவாகவே காட்டிவிடுகிறதா என்பதைப் பார்த்தாலே, அதன் இருப்புப் பகுதி எவ்வளவு முதிர்ந்தது என்பது விளங்கிவிடும். முன்தேதியிட்ட கொள்முதல் ஒன்றையும் புகுத்திப் பாருங்கள். அதற்குப் பிந்திய எல்லா விற்பனைகளின் அடக்கமும் மாறவேண்டியிருக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் இதற்காகப் பின்னணியில் மறுமதிப்பீடு ஒன்றை ஓட்டுகிறது. அந்த வேலை முடியும் வரை அறிக்கைகளில் பழைய எண்களே தெரியும் என்பதை அறியாதவர்கள், மென்பொருள் தவறாகக் கணக்கிடுவதாக எண்ணிவிடுவதுண்டு.

கடைசியாகத் தவறு ஒன்றைத் திருத்திப் பாருங்கள். நாள்தோறும் நடப்பது அதுதான். பதிவாகிவிட்ட இன்வாய்ஸில் விலை தவறு, என்ன செய்யலாம்? ஈஆர்பிநெக்ஸ்டில் சமர்ப்பித்த ஆவணத்தின் விலையைத் திருத்த முடியாது. ரத்து செய்து, திருத்திய நகலை உருவாக்கவேண்டும். புதிய ஆவணம் பழைய எண்ணோடு '-1' என்ற ஒட்டைப் பெறும். பழையது ரத்தானது என்ற குறியோடு தொடர்ந்து நிற்கும். ரத்தானவற்றை நீக்கும் அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடூவில் பதிவான இன்வாய்ஸை மீண்டும் வரைவு நிலைக்குக் கொண்டுவந்து திருத்த முடியும். இது வசதியானது, ஆனால் பூட்டுத் தேதி (அதற்கு முந்திய பதிவுகளை மாற்றவிடாத தேதி) வைக்காமல் விட்டால் முடிந்துபோன மாதத்தின் கணக்கும் அசையக்கூடும். எனவே கணக்கு முடித்த மாதத்துக்குள் ஒரு பதிவைப் போட முயன்று, மென்பொருள் தடுக்கிறதா என்பதைச் சோதனையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தணிக்கையாளர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இந்தச் சோதனையை நீங்கள் மட்டும் தனியாக அமர்ந்து செய்யக்கூடாது. விற்பனைப் பகுதியை விற்பனையாளரும், சரக்கு வரவைக் கிடங்கில் இருப்பவரும், பதிவுகளைக் கணக்காளரும் தங்கள் கையாலேயே செய்யட்டும். ஒரு சரக்கு வரவைப் பதியக் கிடங்குக்காரர் எத்தனை திரைகளைத் தாண்டவேண்டியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். லாரி வாசலில் நிற்கும்போது அவரால் அதைச் செய்து முடிக்க முடியாது என்று தோன்றினால், அவர் மீண்டும் துண்டுத் தாளில் எழுதிவைத்து மாலையில் பதியத் தொடங்குவார். அதன் பிறகு திரையில் தெரியும் இருப்பு என்றைக்கும் உண்மையான இருப்பாக இராது. என் அனுபவத்தில் ஈஆர்பி முயற்சிகள் வலுவிழக்கும் இடம் பெரும்பாலும் கிடங்குதான். கணக்குப் பிரிவைவிட அங்கே கூடுதல் கவனம் வையுங்கள்.

அச்சிடும் ஆவணங்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். தமிழிலோ அதுபோன்ற வேறு எழுத்துகளிலோ இன்வாய்ஸ் தரவேண்டியிருந்தால், திரையில் சரியாகத் தெரிவதை நம்பிவிடாமல் பிடிஎஃப் கோப்பைத் திறந்து பார்க்கவேண்டும். 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்பதும், எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் வருவதும் சர்வரில் உரிய எழுத்துரு இல்லாததாலோ, பிடிஎஃப் உருவாக்கும் கருவிக்கு அந்த எழுத்துமுறை தெரியாததாலோ நேர்பவை. முதல் காரணத்தை எளிதில் சரிசெய்யலாம். இரண்டாவது, மென்பொருள் தேர்வையே மாற்றக்கூடிய அளவுக்குப் பெரியது.

பேக்கப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாகவேண்டும், ஏனெனில் சர்வரை நீங்களே நடத்தினால் முழுப் பொறுப்பும் உங்களுடையது. தரவுத்தளத்தை மட்டும் நாள்தோறும் நகலெடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ஆனால் ஓடூவில் இன்வாய்ஸுடன் இணைத்த கோப்புகளும் படங்களும் பொதுவாகத் தரவுத்தளத்துக்கு வெளியே, ஃபைல்ஸ்டோர் என்ற கோப்புறையில் இருக்கின்றன; டோலிபாரில் அவை டாகுமெண்ட்ஸ் கோப்புறையில் இருக்கின்றன. தரவுத்தளத்தை மட்டும் மீட்டால் பதிவுகள் வரும், இணைப்புகள் வரமாட்டா. ஈஆர்பிநெக்ஸ்டிலும் கோப்புகளையும் சேர்த்தே எடுக்கும்படி பேக்கப் கட்டளையில் குறிப்பிடவேண்டும். அதோடு, தள அமைப்புக் கோப்பில் உள்ள மறையாக்கத் திறவுகோலையும் பத்திரப்படுத்த வேண்டும். புதிய சர்வரில் அந்தத் திறவுகோல் இல்லாமல் மீட்டால், மின்னஞ்சல் கணக்குகளுக்காகச் சேமித்த கடவுச்சொற்களை மென்பொருளால் படிக்க இயலாது. நகல்களில் ஒன்றேனும் வேறு இடத்தில், வேறு கணக்கின் கீழ் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த நகலை வெற்றுச் சர்வர் ஒன்றில் மீட்டு, இருப்பாய்வை (எல்லாக் கணக்குகளின் நிலுவைகளையும் காட்டும் டிரையல் பேலன்ஸை) எடுத்து, ஓடும் அமைப்பின் இருப்பாய்வோடு ஒத்துப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் கொள்வதில்லை. இந்த வேலைகளைச் செய்ய ஆள் இல்லையென்றால், மாதக் கட்டணம் கட்டி மென்பொருள் நிறுவனத்தாரின் சர்வரிலேயே ஓட்டுங்கள். திறந்தமூலத்தின் பயன் அதனால் குறைந்துவிடாது, தரவை முழுதாக இறக்கிக்கொள்ளும் வழி திறந்திருக்கும்வரை.

பதிப்பு மாற்றம் அடுத்தது. ஓடூ ஆண்டுக்கு ஒரு பெரும் பதிப்பை வெளியிடுகிறது. கடைசி மூன்று பதிப்புகளுக்கே ஆதரவு. கட்டண வாடிக்கையாளர்களுக்குத் தரவை மாற்றித்தரும் சேவையை அந்நிறுவனமே அளிக்கிறது; சமூகப் பதிப்பில் இருப்பவர்கள் ஓசிஏவின் ஓப்பன்அப்கிரேட் திட்டத்தை நம்பி, ஒவ்வொரு பதிப்பாக ஏறிச் செல்லவேண்டும். ஈஆர்பிநெக்ஸ்டில் தரவை மாற்றும் நிரல்கள் மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. ஆனால் இரண்டிலும் பதிப்பு மாற்றத்தைக் கடினமாக்குவது நீங்கள் செய்துகொண்ட மாற்றங்கள்தான். கூடுதல் புலங்களைத் திரை வழியாகச் சேர்ப்பதும், தனிச் செயலியாக நிரல் எழுதுவதும் பாதுகாப்பானவை. மையக் கோப்புகளிலேயே கைவைத்துத் திருத்துவது, அடுத்த பதிப்புக்குப் போகும் வழியை நீங்களே அடைத்துக்கொள்வதாகும். முதல் ஆறு மாதங்களுக்கு எந்த நிரல் மாற்றமும் செய்வதில்லை என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். ஊழியர்கள் கேட்கும் மாற்றங்களை ஒரு பட்டியலில் எழுதிவாருங்கள். ஆறு மாதங்கள் கழித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பகுதி தேவையற்றதாகியிருக்கும்.

வெளியாள் ஒருவரைக் கொண்டு நிறுவுவதாக இருந்தால், சர்வர் கணக்கும், டொமைனும், நிர்வாகிக் கடவுச்சொல்லும், உங்களுக்காக எழுதப்பட்ட நிரலின் களஞ்சியமும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் முதல் நாளே எழுதுங்கள். மூலநிரல் திறந்திருந்தும், சர்வரின் சாவி வேறொருவர் கையில் இருந்ததால் ஒரு நிறுவனம் தன் சொந்தத் தரவைப் பெற மன்றாடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நிறுவித்தர வருபவரிடம் கேட்கவேண்டிய சிறந்த கேள்வி, நீங்கள் நிறுவிக்கொடுத்த ஓர் அமைப்பைப் பதிப்பு மாற்றியிருக்கிறீர்களா, அந்த நிறுவனத்தோடு நான் பேசலாமா என்பது. புதிதாக நிறுவத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. நான்கு ஆண்டுகள் ஓடிய அமைப்பை அடுத்த பதிப்புக்கு நகர்த்தியவர்கள் சிலரே.

தரவு மாற்றத்தில் ஓர் அறிவுரை மட்டும். பழைய பரிவர்த்தனைகள் அனைத்தையும் புதியதற்குள் கொண்டுவர முற்படாதீர்கள். வாடிக்கையாளர், வழங்குநர், பொருள் ஆகிய பட்டியல்கள், பிஓஎம் எனப்படும் உதிரிப் பட்டியல்கள், தொடக்க இருப்புகள், இன்னும் வசூலாகாத இன்வாய்ஸ்கள், இன்னும் கொடுக்காத பில்கள் ஆகியவை போதும். பொருள் பட்டியலை மாற்றுவதற்கு முன், ஒரே பொருள் மூன்று பெயர்களில் இருப்பதையும், ஒரு பொருள் ஓரிடத்தில் பெட்டியாகவும் இன்னோரிடத்தில் எண்ணிக்கையாகவும் அளக்கப்படுவதையும் சரிசெய்யுங்கள். அலகு பிழையோடு பதிந்து, அதன்மேல் பரிவர்த்தனைகள் ஏறிவிட்டால், பின்னர் அலகை மாற்ற மென்பொருள்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. புதிய பொருளாகத் தொடங்கி இருப்பை மாற்றவேண்டியதுதான்.

இனி உங்களுக்கு என் நேரடியான பரிந்துரை. நீங்கள் பாகங்களைச் சேர்த்துப் பொருள் செய்கிறீர்கள், கணக்கும் இருப்பும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், உள்ளே நிரலாளர் இல்லை. ஆகவே ஈஆர்பிநெக்ஸ்டை, வாடகைச் சர்வரில், முதலில் சோதியுங்கள். அதே ஆர்டரை டோலிபாரிலும் ஓட்டிப் பாருங்கள்; இருப்பு மதிப்பில் உங்கள் கணக்காளருக்கு அது போதுமென்று தோன்றினால், அதன் எளிமைக்காகவே அதைத் தேர்ந்துகொள்ளலாம். ஓடூவைக் கட்டணப் பதிப்பாக ஏற்க முடியுமென்றால் மட்டும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திரையமைப்பிலும் தொடர்ச்சியிலும் அது மூன்றிலும் மிக நயமானது என்பதை மறுக்க முடியாது. ஒருவேளை உங்கள் சிக்கல் உண்மையில் கணக்கு மட்டும்தான் என்று இந்தச் சோதனையில் தெரியவந்தால், ஈஆர்பி தேவையே இல்லை. ஒருவர் மட்டும் கணக்கெழுதும் இடத்தில் க்னூகேஷ் செம்மையாக வேலை செய்யும், ஆனால் ஒரே நேரத்தில் பலர் பதிவதற்காக அது வடிவமைக்கப்படவில்லை.

தொடங்கும் நாளை நிதியாண்டின் முதல் நாளாகவோ, இயலாவிட்டால் ஒரு காலாண்டின் முதல் நாளாகவோ வையுங்கள். முதல் மாதம் பழைய கணக்கு மென்பொருளிலும் இணையாகப் பதிந்து, மாத முடிவில் இரு இருப்பாய்வுகளையும் வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். இருப்பை மட்டும் எக்செல்லில் தொடர அனுமதிக்காதீர்கள், ஏனெனில் இரண்டு இடத்தில் இருப்பு இருந்தால் இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒத்துவந்த பிறகு பழைய மென்பொருளில் புதிய பதிவுகளைத் தடுத்து, வாசிக்க மட்டும் திறந்து வையுங்கள். கணக்கேடுகளை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்று உங்களுக்குப் பொருந்தும் சட்டம் சொல்கிறதோ, அத்தனை ஆண்டுகளும் அது திறக்கும் நிலையில் இருக்கவேண்டும். அதன் உரிமம் ஆண்டுக் கட்டணத்தில் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே பேரேடுகள் அனைத்தையும் பிடிஎஃப் ஆகவும், எக்செல் கோப்புகளாகவும் இறக்கி வைத்துவிடுங்கள்.